கறுப்பு மையில் ஐந்து எண்கள்

அந்த நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கட்டங்களில் நீல மையில் எண்கள், ஐந்து இடங்களில் மட்டும் "கரண்ட் இல்லை, பார்க்கவில்லை." அந்த வரிகளின் மேலேயே கறுப்பு மையில் ஐந்து எண்கள். கறுப்பு மை என்னுடையது.

அந்தமானில், ரங்கத் பள்ளியில் தற்காலிக இயற்பியல் ஆசிரியராகச் சேர்ந்தபோது எனக்கு எல்லாவற்றிலும் அவசரம். விண்வெளியிலிருந்து வரும் துகள்கள் நம்மைத் துளைத்துக்கொண்டு போகின்றன என்று பாடம் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். என் பழைய செல்போன் கேமராவில் கறுப்பு டேப் ஒட்டி, இருண்ட திரையில் அந்தத் துகள்கள் பட்டு எப்போதாவது மின்னும் வெள்ளைப் புள்ளிகளை எண்ணச் சொன்னேன், நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பல ஊர் மாணவர்கள் எண்ணி ஒரு செயலி வழியாக அனுப்பும் பதிவு அது. முப்பது நாள் முழுதாக அனுப்பினால் மெயின்லேண்டில் ஆய்வு முகாம்.

கடைசிவரை எண்ணியவள் சித்தி வீட்டில் தங்கிப் படித்த கட்சால் தீவுப் பெண் மட்டும்தான். ரப்பர் தோட்டத்துப் பிள்ளை, மெயின்லேண்டைப் பார்த்ததே இல்லை. "என்னடி, போனுக்குக் கண் ஆபரேஷனா?" என்பார்கள் தோழிகள். "ஆமா, ஒங்களுக்குத் தெரியாதது அதுக்குத் தெரியுதில்ல" என்பாள்.

ஐந்து நாள் மின்வெட்டில் போன் அணைந்துவிட்டது. சராசரியைப் போட்டு நிரப்பச் சொன்னேன். "பாக்காதத எப்புடி சார் எழுதுறது?" என்றாள். முகாம் அவளுக்குக் கிடைக்க வேண்டும், என் பெயரும் நாலு பேருக்குத் தெரிய வேண்டும். நானே நிரப்பி அனுப்பினேன்.

போன் அணைந்திருந்த நேரம் அந்தச் செயலியிலேயே பதிவாகியிருந்தது. முப்பது நாள் முடிந்த பிறகும் அவள் எண்ணிக்கொண்டிருந்தபோதே, அவள் பெயரை நீக்கிக் கடிதம் வந்தது. தலைமையாசிரியர் அவளைக் கூப்பிட்டு, "ஜூட், பொய்க் கணக்கு எழுதி அனுப்பியிருக்கியேம்மா! ஸ்கூல் இஸ்ஸத்தே, மானமே போச்சு!" என்று கத்தினார். அவள் என்னைப் பார்த்தாள். என் பணி நீட்டிப்புக் காகிதம் அவர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. "சின்னப் பிள்ளை, மன்னிச்சு விட்டுடுங்க சார்" என்றேன்.

வராந்தாவில் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "என்னைய எதுக்கு சார் மன்னிக்கச் சொன்னீங்க?"

மறுநாள் டேப்பை உரித்த போனையும் நோட்டையும் திருப்பிக் கொடுத்தாள். இப்போது நான் மெயின்லேண்டில் ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுக்கிறேன். பார்க்காத நாளைப் பார்க்கவில்லை என்று எழுதுவதும் அறிவியல்தான் என்று முழங்குகிறேன், கைதட்டுகிறார்கள். அறைக்குத் திரும்பி நோட்டைப் பிரித்தால், கடைசிப் பக்கத்தில், தலைமையாசிரியர் கூப்பிட்ட அந்தத் தேதிக்கு நேரே, அதே நீல மை: "கரண்ட் இருந்தது. போன் இருந்தது. பார்க்கவில்லை."