ஹஜ்ரத் இழுத்த சாய்ந்த கோடு

எங்கள் அக்காவின் நிக்காஹ் பத்திரம் உருதுவில் இருக்கிறது. எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். தெலுங்கு, பஸ் போர்டு அளவுக்கு. ஆகவே அந்தக் காகிதத்தில் எனக்குப் படிக்கத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். கீழ்ப்பக்கம் காலியாக இருந்த இரண்டு வரிகளுக்குக் குறுக்கே, நிக்காஹை நடத்தி வைத்த ஹஜ்ரத் இழுத்த சாய்ந்த கோடு. கடைசியில் கொஞ்சம் கோணிக்கொண்டு போயிருக்கும். சிரித்துக்கொண்டே போட்டதால் அவர் கை ஆடிவிட்டது. சிரிக்க வைத்தவன் நான்.

எங்கள் வழக்கத்தில் நிக்காஹ் சபைக்குப் பெண் வரமாட்டாள். அவள் உள்ளறையில் இருப்பாள். இரண்டு சாட்சிகளோடு ஒரு ஆள் போய் சம்மதம் கேட்டு, அவள் சொன்ன சொல்லைச் சபைக்குக் கொண்டுவர வேண்டும். அந்த ஆளுக்கு வக்கீல் என்று பேர். மூன்றாம் வகுப்பில் வாத்தியாருக்குக் கும்பிடு போட்டு வந்த என்னை நைனா அன்றைக்கு வக்கீல் ஆக்கினார். எனக்குப் பத்தொன்பது வயசு. இரவல் கோட்டு, தொளதொளவென்று. சித்தூர் மண்டபத்தில் கண்ணாடியைப் பார்த்த இடத்திலெல்லாம் நின்று என்னையே ஒரு தரம் பார்த்துக்கொண்டேன். சோளக்காட்டு பொம்மைக்குக் கூட அதைவிடப் பொருத்தமாகச் சட்டை மாட்டுவார்கள்.

அக்கா "சம்மதம்" என்றாள். சாட்சிகள் இரண்டு பேரும் அதைக் கேட்டுத் திரும்பினார்கள். என்னை மட்டும் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்துக் காதோடு சொன்னாள்: "டேய், இத்தையும் ஹஜ்ரத்தாண்ட சொல்லு. அவரு என்ன உட்டுட்டுப் போய்ட்டா, நானே தலாக் சொல்லிக்கினு வெளிய வர்ற உரிமைய அதுல எழுதணும். எழுதலாம், மார்க்கத்துல இடம் இருக்குது. எனக்கு குர்ஆன் ஓதிக் குடுத்த அம்மாவே சொன்னாங்க. வெளையாடாதடா." எங்கள் சின்னம்மாவின் புருஷன் தலாக்கும் சொல்லாமல், திரும்பியும் வராமல், அவளை அப்படியே தொங்க விட்டிருந்தான். அந்தச் சின்னம்மாவின் பக்கத்தில் படுத்துத் தூங்கி வளர்ந்தவள் அக்கா. கல்யாண நாளில் மற்ற பெண்கள் நகையைத் தொட்டுப் பார்ப்பார்கள். இவள் இதை யோசித்து வைத்திருந்தாள்.

உள்ளறையிலிருந்து சபைக்கு இருபது அடி தூரம் இருக்கும். அந்த இருபது அடியும் அவள் சொன்னதை வாய்க்குள் சொல்லிக்கொண்டேதான் நடந்தேன். சபையில் மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. கூட்டம் என்னைப் பார்த்தால் என் வாய் என்னிடம் அனுமதி கேட்காது. "பொண்ணு இன்னா சொன்னாங்க?" என்றார் ஹஜ்ரத். "சம்மதமாம். சீக்கிரம் முடிங்க ஹஜ்ரத், பிரியாணி ஆறிக்கினு கீது" என்றேன். சபையே சிரித்தது. ஹஜ்ரத் பேனாவைக் காலி வரிகளின் மேல் வைத்துக்கொண்டு, "வேற ஷர்த்து ஏதாச்சும் எழுதணுமா?" என்று கேட்டார். நிபந்தனை ஏதும் உண்டா என்று அர்த்தம். கடவுள் ஒருத்தனுக்கு இரண்டாவது தரம் கதவு திறப்பது அபூர்வம். நான் அதையும் சாத்தினேன். "வக்கீலுக்கு ரெண்டு லெக் பீஸ். அதான் ஷர்த்து!" மாப்பிள்ளையே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஹஜ்ரத் காலி வரிகளுக்குக் குறுக்கே கோடு இழுத்தார். என் வாழ்நாளில் அதற்குமேல் சிரிப்பு வாங்கிய ஜோக்கை நான் சொன்னதில்லை.

சாப்பிட்டு முடித்ததும் அக்கா கூப்பிட்டு அனுப்பினாள். "சொன்னியா? இன்னாத்துக்கு அவ்ளோ சிரிப்பு?" என்றாள். "சொன்னேன்க்கா. முடியாதுன்னுட்டாரு ஹஜ்ரத்" என்றேன். அவள் மருதாணிக் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "பெரியவரு சொன்னா சரிதான்" என்றாள். என் கை விரலில் பிரியாணி நெய் இன்னும் இருந்தது.

நாலு வருஷம் குடித்தனம் நடந்தது. பிறகு அந்த மனிதர் பெங்களூரில் வேலை என்று போய், அங்கேயே இன்னொரு குடும்பமும் ஆக்கிக்கொண்டார். பள்ளிவாசல் ஜமாஅத்தில் அக்கா எழுதிக் கொடுத்தாள். மூன்று முறை ஆள் அனுப்பினார்கள். "தலாக்கும் சொல்லமாட்டேன், வரவும் மாட்டேன், இருந்துட்டுப் போவட்டும்" என்று பதில் வந்தது. அக்கா திருப்பதியில் ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்பு துவைத்து மடிக்கிற வேலைக்குப் போனாள். வாடகைக்கு வீடு கேட்டால், "புருஷன் எங்க?" என்பார்கள். செத்துவிட்டார் என்றும் சொல்ல முடியாது, விட்டுவிட்டார் என்றும் சொல்ல முடியாது. லாட்ஜின் பின்பக்கத்தில், துணி வைக்கிற அறைக்குப் பக்கத்து அறையிலேயே தங்கிவிட்டாள். பண்டிகைக்குக் கூப்பிட்டால், "அன்னிக்குத்தான்டா இங்க கூட்டம் ஜாஸ்தி" என்பாள்.

அப்படியே பத்து வருஷம் ஓடிய பிறகு கோர்ட்டுக்குப் போனோம். இந்த முறை நிஜ வக்கீல், உருது படித்த அம்மா. பத்திரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தவர் கோட்டில் விரலை வைத்து, "ஷர்த்து எழுத இடம் இருந்திருக்கே, கேக்கலியாம்மா?" என்றார். "கேட்டோம் மேடம். ஹஜ்ரத் முடியாதுன்னுட்டாரு" என்றாள் அக்கா. "அவர் ஏன் முடியாதுங்கணும்? தாராளமா எழுதலாமே. எழுதியிருந்தா இந்தக் கேஸே உங்களுக்கு வேணாம்" என்றார் அந்த அம்மா. அக்கா என் பக்கம் திரும்பினாள். நான் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தேன், காலண்டரைப் பார்த்தேன். ஜோக் ஒன்றும் வரவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். லெக் பீஸ் வரைக்கும். அவள் கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பிரியாணி சூடா துன்னியாடா?" என்று மட்டும் கேட்டாள்.

வாய்தா மேல் வாய்தா போய், ஆறு வருஷம் கழித்து விவாகரத்துத் தீர்ப்பு வந்தது. அவள் தலைமுடியில் பாதி வெளுத்திருந்தது. கோர்ட்டு வாசலில் பழைய நிக்காஹ் பத்திரத்தை என் கையில் கொடுத்தாள். "இத நீயே வெச்சிக்கோ. உன் பேச்சுதான் அதுல கீது" என்று சொல்லிவிட்டு லாட்ஜுக்கு ஷேர் ஆட்டோ ஏறினாள்.

திருப்பதிக்கு லாரியில் லோடு போனால் இப்போதும் எட்டிப் பார்ப்பேன். டீ கொடுப்பாள். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். அவள் ஒரு நுனியைச் சுவரில் இருக்கிற ஆணியில் மாட்டி, மறு நுனியை இழுத்து, தனியாகவே மடிப்பாள். நான் கை நீட்டினால், "வேணாம், பழகிடுச்சு" என்பாள். ஆணி செய்கிற வேலையைக் கூட எனக்குக் கொடுக்க அவளுக்கு இஷ்டமில்லை.

போன மாதம் எங்கள் சின்ன மாமன் பேத்திக்கு நிக்காஹ். கலகலப்பாக இருக்கட்டும் என்று என்னையே வக்கீலாகப் போட்டார்கள். பெண் "சம்மதம்" என்றாள். நான் நகரவில்லை. "ஷர்த்து ஏதாச்சும் எழுதணுமாம்மா? உரிமை கிரிமை? சொல்லு, நான் ஹஜ்ரத்தாண்ட சொல்றேன்" என்றேன். உள்ளறை முழுக்கச் சிரிப்பு. "ஐயோ, இவரு இங்கயும் ஆரம்பிச்சிட்டாரு!" என்றாள் ஒருத்தி. மணப்பெண் தலையை நிமிர்த்தி, "நல்லா ஜோக்கடிக்கிறீங்க மாமா" என்றாள். நிஜமாகத்தான் கேட்கிறேன் என்று சொன்னேன். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

சபைக்கு நடந்தேன். இந்த ஹஜ்ரத் சின்ன வயசுக்காரர். ஷர்த்து உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். எதிரே வரிசையாக இருந்தவர்கள், நான் வேறு ஏதாவது சொல்வேன் என்று சிரிக்கத் தயாராகக் காத்திருந்தார்கள். நான் சொல்லவில்லை. அவர் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். கொஞ்சம்கூடக் கோணவில்லை.