பார்த்து நின்ற கூலி

பாறேமுக்கு வாசகசாலையின் ஆண்டுவிழாவுக்கு யாரைப் பேச அழைப்பது என்று கேட்டபோது பவித்ரன்தான் முதலில் கையைத் தூக்கினான். "எங்க ஷிஜினா இருக்கும்போது வெளியூர்ல எதுக்குத் தேடணும்?" என்றான்.

பத்தாம் வகுப்பில் தோற்ற நாளிலிருந்து முக்கில் லாரிச் சரக்கு இறக்குகிற சுமட்டுத் தொழிலாளி அவன். தங்கை ஷிஜினா திருவனந்தபுரத்தில் பொருளாதார ஆராய்ச்சி செய்கிறாள். அந்த ஆராய்ச்சியின் நீண்ட தலைப்பைத் தடுமாறாமல் சொல்ல அவன் தனியாகப் பழகியிருந்தான். கேட்டவர்களுக்கும் சொன்னான், கேட்காதவர்களுக்கும் சொன்னான்.

எந்த வேலையையும் அரைகுறையாக விடுகிறவன் இல்லை. சுவரொட்டியைக் குமிழி விழாமல் நீவி ஒட்டினான். கயிறு பிடித்து நாற்காலி வரிசையை நேராக்கினான். கூட்டம் வராமல் போய்விடுமோ என்ற பயத்தில் சுமட்டுத் தொழிலாளர் சங்கச் செயலாளர் குமாரேட்டனிடமும் போய் நின்றான்.

"நம்ம ஆளுங்க எல்லாரும் வரணும் குமாரேட்டா."

"உன் தங்கச்சி எதைப் பத்திப் பேசுது?"

"சமூகம், பொருளாதாரம்... உலக முதலாளிங்களையெல்லாம் கிழிச்சுத் தோரணம் கட்டிரும்."

"அப்போ சங்கத்து நீலச் சட்டையோடயே வரச் சொல்றேன். கை தட்டாதவனுக்கு மறுநாள் லாரி கிடையாது, போதுமா?" என்று குமாரேட்டன் சிரித்தார்.

சனிக்கிழமை மதியம் ஷிஜினா வந்து சேர்ந்தாள். அம்மா ஜானு அடுக்களையில் கப்பைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள். பவித்ரன் தன் நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். பேச்சைச் சொல்லிப் பார்க்கும் தங்கையின் குரல் உள்ளறையிலிருந்து வந்தது.

"நம்ம முக்குக்கு ஒரு மார்பிள் லாரி வருது. கிரேன் இறக்குது. தொழிலாளிங்க ஒதுங்கி நின்னு பார்க்கிறாங்க. பார்த்து முடிஞ்சதும் கூலி வாங்கிட்டுப் போறாங்க."

இஸ்திரிப்பெட்டி நின்றது. துணி கருகுகிற வாசம் வந்த பிறகுதான் அவன் கையைத் தூக்கினான்.

நோக்குக்கூலி, இறக்காத சரக்குக்கும் சங்கம் வாங்குகிற கூலி. ஊரில் யாருக்கும் தெரியாத விஷயமில்லை. சங்கத்துக்காரர் காது கேட்க யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான். போன மாதம் நபீசாத்தாவின் புது வீட்டுக்கு மார்பிள் வந்தபோது, கைகட்டி நின்றவர்களில் பவித்ரனும் ஒருவன்.

"மோளே, இதையா பேசப்போற?"

"இதுதானே ஏட்டா என் ஆராய்ச்சி. நீங்கதான் தலைப்பை ஊர் முழுக்கச் சொல்லிட்டு வர்றீங்களே."

"தலைப்பு தெரியும். உள்ள இது இருக்கும்னு யாரு கண்டா? நாளைக்கு மொத்தச் சங்கமும் உன் முன்னால உக்காந்திருக்கும்."

"நல்லதுதானே. அவங்களைப் பத்தினதை அவங்க முன்னால பேசாம வேற எங்க பேசுறது?"

"நீ பேசிட்டு ரயில் ஏறிடுவ. திங்கக்கிழமை லாரிக்குப் பின்னால நிக்கப்போறவன் நான்."

ஷிஜினா அவன் சட்டையில் விழுந்த பழுப்பு வடுவைப் பார்த்தாள். "யார் பேரையும் சொல்லமாட்டேன் ஏட்டா. திட்டவும் போறதில்ல. ஆனா மாத்திப் பேச என்னால முடியாது," என்றாள்.

சங்கம் போடக்கூடிய அபராதத்துக்கு அவன் பயப்படவில்லை. அரிசி மூட்டையை எந்தப் பலசாலியும் தானாகத் தன் தலையில் ஏற்றிக்கொள்ள முடியாது. லாரித் தட்டில் நிற்கும் இருவர் தூக்கி வைக்கவேண்டும். முன்பு ஒருமுறை சங்கத்தோடு முறைத்துக்கொண்ட ஒருவனை யாரும் திட்டவுமில்லை, விலக்கவுமில்லை. அவன் தலை குனிந்து நின்றபோதெல்லாம், மேலே இருந்தவர்கள் பீடி பற்றவைக்கத் தொடங்கினார்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் அவன் ஊரைவிட்டுப் போய்விட்டான்.

ஞாயிறு மாலை ஒரு நாற்காலிகூடக் காலி இல்லை. நான்கு வரிசை நீலச் சட்டை. யாருமே வராவிட்டால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று பவித்ரனுக்குத் தோன்றியது. கருகிய இடம் தெரியாமலிருக்கக் கையை மார்பில் வைத்தபடி சுவரோரம் நின்றான்.

மார்பிள் லாரியில்தான் ஷிஜினா தொடங்கினாள். நீல வரிசைகளில் இருமல் நின்றது.

"வேலை செய்யாம வாங்குற கூலி, வீடு கட்டுறவங்க தலையில விழுற வரின்னு ஒரு கொள்கை சொல்லுது. சரிதான். இன்னொரு கொள்கை வேற பக்கம் கை காட்டுது. சங்கம் வர்றதுக்கு முன்னால இங்க முதுகு ஒடிஞ்சவன் வெறுங்கையோட வீட்டுக்குப் போனான், சந்தைக்கு அவன் வேண்டாதவன், அந்தச் சந்தைக்கு எதிரா அவன் எழுப்பின சுவர்தான் சங்கமும் இந்தக் கூலியும்னு சொல்லுது. அதுவும் சரிதான். டார்ச் அடிக்கிற பக்கம்தான் வெளிச்சம். அதனாலதான் ஒரு கொள்கை பத்தாது."

பவித்ரனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. குமாரேட்டனின் பிடரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். அது அசையவில்லை.

"மூணாவதா ஒரு கொள்கை இருக்கு," என்றாள் ஷிஜினா. "சுவர் எழுப்புறவங்க கதவும் வைப்பாங்க. யாரை வெளியே நிறுத்துறதுன்னு அவங்களே முடிவு பண்ணுவாங்க. இந்த முக்குல ஆத்து மணலை இறக்கினது பொம்பளைங்க. சுமட்டு வேலைக்கு அடையாள அட்டை கொடுத்த நாள்ல அவங்க ஒருத்தருக்கும் கிடைக்கல. அதுல ஒருத்தி முதல் வரிசையில உக்காந்திருக்கா. என் அம்மா."

ஜானு முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். பவித்ரன் சுவரில் சாய்ந்தான். அடி விழப்போகிறது என்று முந்தின நாளிலிருந்தே காத்திருந்தான். அது இந்தப் பக்கமிருந்து வரும் என்று நினைக்கவில்லை. அவன் சட்டைப்பையில் இருப்பதுதான் அந்த அட்டை.

கேள்வி நேரத்தில் குமாரேட்டன் எழுந்தார். சபை அவர் வாயைப் பார்த்தது. "சாயா ஆறிடும். எல்லாரும் குடிச்சிட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டு, தான் குடிக்காமலே படியிறங்கினார். அவர் பின்னால் நீலச் சட்டைகளும் போயின. பருப்புவடைகள் தட்டு நிறைய மிச்சமிருந்தன.

வீடு திரும்பும் வழியில் பவித்ரன் அம்மாவிடம் கேட்டான். "நீ அட்டை கேட்டியாம்மா?"

"கேட்டேன். பொம்பளைக்குச் சுமடு ஆகாதுன்னாங்க. அதுவரைக்கும் என் தலையில இருந்தது என்னவாம்னு திருப்பிக் கேக்க அப்போ தோணல."

"என்கிட்ட ஒரு நாளும் சொல்லலையே."

"உனக்குக் கிடைச்சப்போ சொல்லலாம்னு இருந்தேன். நீ அவ்வளவு சந்தோஷமா வந்தியா, விட்டுட்டேன்."

திங்கள் காலை ஷிஜினாவை ரயிலேற்றினான். "பயமா இருக்கா ஏட்டா?" என்று கேட்டாள். "நல்லா பேசின மோளே. மைக்கை மட்டும் இன்னும் கொஞ்சம் கிட்ட வச்சிருக்கலாம்," என்றான். பயம் இல்லை என்று அவனால் சொல்ல முடியவில்லை.

முக்கில் அரிசி லாரி நின்றுகொண்டிருந்தது. யாரும் அவனிடம் பேசவில்லை. பேசக்கூடாது என்றா, பேச எதுவுமில்லை என்றா, பிரித்தறிய முடியவில்லை. துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டினான். கோணலாக இருப்பதுபோல் தோன்ற, அவிழ்த்து மறுபடி கட்டினான். முறை வந்ததும் லாரிக்கு முதுகு காட்டித் தலையைக் குனிந்தான்.

மேலே சத்தமில்லை. தரையில் சிந்திய அரிசியைக் கோழி ஒன்று கொத்திக்கொண்டிருந்தது. எங்கோ தீக்குச்சி உரசியது போலிருந்தது. கழுத்து நோக, குனிந்தபடியே நின்றான்.

பிறகு சாக்கு உராய்ந்தது. தலையில் பாரம் வந்து உட்கார்ந்தது, கோணாமல், நடுவில், எப்போதும்போல. யார் கை என்று நிமிர்ந்து பார்க்க முடியாது.

"உங்கம்மா சுமந்த மணல்தான்டா என் வீட்டு அஸ்திவாரத்துல கிடக்கு," என்றது மேலிருந்து குமாரேட்டனின் குரல். "சாயங்காலம் சங்கத்துல அந்த அட்டை விஷயத்தைப் பேசணும். நீயும் வா. இப்போ நட."

பவித்ரன் நடந்தான்.