சொட்டு மருந்தில் திறந்த கண்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சம். அப்படிப்பட்டவன் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை மகளுக்கு ஐந்து வயது. சில மாதங்களாக அவளுடைய வலது இமை தாழ்ந்தே கிடந்தது. அந்தக் கண்ணின் மணியும் சிறுத்திருந்தது. அப்பனைப்போல இவளும் தூங்குமூஞ்சி என்று கேலி செய்துகொண்டிருந்தோம். பள்ளிக்கூட முகாமுக்கு வந்த டாக்டர் சிரிக்கவில்லை. மதுரைக்குப் போகச் சொன்னார்.

திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறிப் போனோம். கண் ஆஸ்பத்திரியில் பிள்ளையை என் மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மாமன் மடியில் அவள் கடைசியாக உட்கார்ந்தது காதுகுத்துக்கு. இரண்டு காதையும் இறுகப் பொத்திக்கொண்டாள். நர்ஸ் சிரமமில்லாமல் இரண்டு கண்ணிலும் சொட்டு விட்டுவிட்டார்.

அது எதற்கு என்று அங்கிருந்த டாக்டர் வேகமாகச் சொன்னார். புரியவில்லை. திரும்பக் கேட்கக் கூச்சப்பட்டுத் தலையாட்டினேன்.

ஒரு மணி நேரத்தில் தாழ்ந்த இமை மேலேறிவிட்டது. சிறுத்திருந்த மணியும் பெரிதாகிவிட்டது. தங்கை அழுதுகொண்டே பாண்டி கோயிலுக்குக் கிடா நேர்ந்தாள். வீடியோ காலில் அவள் புருஷனிடம் காட்டினாள்.

"அம்புட்டுதானா! இதுக்கா இந்தப் பயம் பயந்தோம்? அந்த மருந்துல ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வரச் சொல்லு உங்கண்ணன."

நானும் டாக்டரிடம் போய், வாழ்நாளில் முதல்முறையாக வாய் திறந்து, "ரெண்டு பாட்டில் வேணும் சார்" என்றேன்.

டாக்டர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். "இது வைத்தியம் இல்லங்க, சோதனை. நல்ல கண்ணு இந்த மருந்துக்கு இப்படி விரியாது. நரம்பு பழுதான கண்ணுதான் விரியும். கழுத்துலயோ நெஞ்சுலயோ கட்டி எதுவும் அந்த நரம்பை அழுத்துதான்னு நாளைக்கே ஸ்கேன் எடுத்துப் பாக்கணும்."

நாங்கள் கொண்டாடியது நோயைத்தான்.

வெளியே வந்ததும் தங்கை மெதுவாகக் கேட்டாள். "அண்ணே, கண்ணு தெறந்ததுக்குக் கிடா நேந்துட்டேனே. இப்ப என்ன செய்ய?"

பிள்ளை மட்டும் இரண்டு கண்ணையும் நன்றாகத் திறந்து, காது குத்தவில்லை என்ற சந்தோஷத்தில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை இமை பழையபடி தாழ்ந்திருந்தது. மதியம் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி எதுவும் இல்லை என்றார்கள்.