விட்டுப்போன க்

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்களின் மருந்துகளைச் சரிபார்க்க வீடு வீடாகப் போவது அவள் வேலை. நுழைந்ததும், "வீட்டுல இருக்கிற மருந்து எல்லாத்தையும் மேஜையில கொட்டுங்க" என்பாள். அதனால் கொட்டுக்காரி என்று பெயர். தேள் கொட்டுவதையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள் என்று தெரியும். அதில் அவளுக்கு வருத்தமில்லை.

அன்றைய பட்டியலில் மூன்றாவது பெயரைப் பார்த்ததும் முதல் இரண்டு வீடுகளைப் பிற்பகலுக்குத் தள்ளிவிட்டு நேராக அங்கே போனாள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் அந்த ஆள் ஆஸ்பத்திரி மருந்தகத்தின் தலைவர். அவள் அவருக்குக் கீழே. ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் ஒரு நோயாளிக்குப் போய்விட்டது. நோயாளி பிழைத்துக்கொண்டார். சீட்டில் ஒப்புதல் கையெழுத்து தலைவருடையது, பழி அவளுடையது. 'என் கவனக்குறைவு' என்று எழுதித் தரச் சொன்னார். அழுதுகொண்டே எழுதியதில் ஒரு க் விட்டுப்போனது. அந்த இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் தாளைத் திருப்பித் தந்தார்.

"தப்பைக்கூடத் தப்பில்லாம எழுதத் தெரியாதா?"

சுற்றி நின்ற ஆறு பேரும் சிரித்தார்கள். வேலை போனதுகூட ஆறிவிட்டது. அந்த வட்டம் ஆறவில்லை.

கதவைத் திறந்தது அவர் மனைவி. அவர் நெற்றியில் பிளாஸ்திரியோடு நாற்காலியில் இருந்தார். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

"காலையில பாத்ரூம்ல தலைசுத்தி விழுந்துட்டாரும்மா," என்றாள் மனைவி.

"எல்லாத்தையும் கொட்டுங்க."

"எனக்கே சோதனையா? முப்பது வருஷம் மருந்தோட குடும்பம் நடத்துனவன் நான்," என்றார் அவர்.

"அப்ப நான் யாரு, சின்ன வீடா?" மனைவி பையைக் கவிழ்த்தாள்.

பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. ஒரு அட்டை பழையது, ஒன்று ஆஸ்பத்திரி தந்தது. பெயர்தான் வேறு, ரத்தக்கொதிப்பு மாத்திரை ஒன்றேதான். இரட்டிப்பாக விழுங்கிக்கொண்டிருக்கிறார். இன்னொரு முறை விழுந்தால் எழுந்திருப்பது சந்தேகம். வாயைத் திறக்காமல் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடலாம். அட்டையை விரலில் சுழற்றினாள். போய்ச்சேர்ந்தவன் எதையும் எழுதித் தரமாட்டான்.

"டப்பால மாத்திரைய அடுக்குறது யாரு சார்?"

"நான்தான். இவளுக்கு என்ன தெரியும்?"

இரண்டு அட்டைகளையும் அவர் முன் வைத்து, மருந்தின் பெயர் பொடியெழுத்தில் இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள். படித்தார். முகம் வெளுத்தது.

"பழசைத் தூக்கிப் போடாம வச்சிருக்கா பாருங்க. இவ கவனக்குறைவு."

"தொட்டா கைய ஒடிப்பேன்னு சொன்னது யாருங்க?" என்றாள் மனைவி.

கவனக்குறைவு. அதே வார்த்தை. கொட்டுக்காரிக்கு நாக்கில் இனித்தது. பழைய அட்டையைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். டாக்டருக்குப் போன் செய்து சொன்னாள். பிறகு படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். 'தவறு நேர்ந்த விதம்' என்ற கட்டத்தை எல்லா வீட்டிலும் அவள்தான் நிரப்புவாள்.

"இதை நீங்களே எழுதுங்க சார்."

"என்னன்னு?"

"இப்ப சொன்னீங்களே, அதேதான். முன்னால 'என்'னு சேத்துக்குங்க."

பேனா நின்றது. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"நீயா?"

"எழுதுங்க சார்."

குனிந்து எழுதினார். அவள் வாங்கிப் படித்தாள். பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, நிதானமாக ஒரு வட்டம் போட்டாள்.

"க் விட்டுட்டீங்க. வேற படிவம் தர்றேன், திரும்ப எழுதுங்க."

"அந்தத் தாளை எங்கிட்ட குடும்மா," மனைவி கை நீட்டினாள். "அவரு ஷேவ் பண்ற கண்ணாடியில ஒட்டணும்."