ஷேடு அக்காவின் மீன்தொட்டி விளக்கு

உங்கள் வீட்டுக் கூடத்தில் எரியும் குழல்விளக்கு என்ன நிறம்? வெள்ளை என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் மாடிவீட்டு அக்கா உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். "எந்த வெள்ளை? பால் வெள்ளையா, சுண்ணாம்பு வெள்ளையா, துவைச்சுத் துவைச்சு நீலம் ஏறின வெள்ளையா?" கேட்டுக்கொண்டே உங்கள் சட்டைக் காலரைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்புவார். காலரும் கையும் ஒரே துணிதானா என்று பார்க்காமல் அவருக்குப் பேச்சே ஓடாது.

சாயம் ஏறி வரும் துணியை மாதிரித் துண்டோடு சேர்த்து வைத்து, நிறம் ஒத்துப்போகிறதா இல்லையா என்று சொல்வது ஆலையில் அவர் வேலை. நாள் முழுக்க ஒரு மேசை, மேலே ஒரு குழல்விளக்கு, கீழே துணி. துணியின் நிறத்தை அங்கே ஷேடு என்பார்கள்; அதனால் அவருக்கு 'ஷேடு அக்கா' என்று பெயர். வீட்டுக்கு வந்தால் கண்ணுக்கு ஓய்வாக இருக்கட்டும் என்று மீன்தொட்டி வைத்திருக்கிறார். கொஞ்சம் பாசிச்செடி, சில பொடிமீன்கள், கொழுத்த ஆரஞ்சு மீன் ஒன்று. அதன் பெயர் மாப்பிள்ளை. "சாப்பிடணும், ஒரு சுத்து சுத்தணும், திரும்ப வந்து வாயைத் திறக்கணும். வேற என்ன பேர் வைக்கச் சொல்றீங்க?" என்பார். பக்கத்தில் இருக்கும் அவர் வீட்டுக்காரர் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

சென்ற மாதம் இந்தப் பேச்செல்லாம் நின்றுபோயிற்று. அக்கா சரி என்று அனுப்பிய துணி திரும்பி வந்துவிட்டது. தைத்துப் பார்த்தால் சட்டைக்கு ஒரு நிறம், கைக்கு ஒரு நிறம். மேற்பார்வையாளர் எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருக்கிறார்: "அக்காவுக்குக் கண்ணு போச்சு. இன்னொரு தடவை திரும்பி வரட்டும், அப்புறம் வீட்ல உக்காந்து மீனையே பாருங்க."

ஓர் இயந்திரம் தப்புச் செய்தால் ஆள் அனுப்பிக் கழற்றிப் பார்க்கிறார்கள். தொழிலாளி தப்புச் செய்தால் கழற்றிப் பார்ப்பதற்கு ஒருவரும் இல்லை, நேரே தீர்ப்புதான்.

அந்தத் தீர்ப்பை அக்காவே நம்பத் தொடங்கியதுதான் கொடுமை. வீட்டில் மாப்பிள்ளையும் மங்கித் தெரிந்தது. ஆரஞ்சு போய்ச் செங்கல் தூளின் நிறம். பார்க்க வந்த நாத்தனார், "என்ன அண்ணி, மீன் இப்படிக் கறுத்துப்போச்சு? யாரோ கண்ணு வச்சிருக்காங்க" என்றார். "மீனுக்கு ஒண்ணுமில்லம்மா, என் கண்ணுதான் சரியில்ல" என்றார் அக்கா. அக்காவின் கண்தான் கெட்டது என்றால் நாத்தனாருக்கும் ஏன் மங்கித் தெரிந்தது? அந்த வீட்டில் ஒருவருக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லை. பயம் வந்துவிட்டால் யோசனை வாசலோடு போய்விடுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மீன்தொட்டியின் மேல் எரிந்த குழல்விளக்கு ஒரேயடியாக அணைந்தது. அக்கா கீழே இறங்கி வந்தார். "தம்பி, கடைக்கு வாங்க. துணைக்கு எனக்கு ஒரு ஜோடிக் கண்ணு வேணும்."

கடைக்காரர் முதலில் ரோஸ் நிறக் குழல் ஒன்றை எரியவிட்டார். "இதைப் போடுங்கம்மா, மீன் சும்மா தகதகன்னு மின்னும்."

"மீனுக்கு என்ன கல்யாணமா, அலங்காரம் பண்ண?" பையிலிருந்து ஓர் ஆரஞ்சுத் துணித் துண்டை எடுத்தார் அக்கா. வாசலுக்குப் போய் வெயிலில் பார்த்தார். திரும்பி வந்து விளக்கின் கீழ் பிடித்தார். "பொய்."

அடுத்தது நீல வெளிச்சம். மறுபடி வாசல், மறுபடி விளக்கு. "இது அதைவிடப் பெரிய பொய்."

"ஏம்மா, நீங்க விளக்கு வாங்க வந்தீங்களா, சாட்சி விசாரிக்க வந்தீங்களா?" என்றபடியே கடைக்காரர் மூன்றாவதை மாட்டினார்.

பகல் வெளிச்சம் என்று அதன் அட்டையில் அச்சிட்டிருந்தது. நான் காட்டினேன். "அட்டையில என்ன வேணா போடுவாங்க" என்று அக்கா மீண்டும் வாசலுக்கு நடந்தார். இந்தத் தடவை வாசலுக்கும் விளக்குக்குமாக இரண்டு நடை நடந்தார். "எனக்கு வெயில்லயும் இதுலயும் ஒண்ணாத் தெரியுது. உங்களுக்கு?"

"ஒண்ணுதான்க்கா."

"எனக்காகச் சொல்லாதீங்க." கடைக்காரரையும் வாசலுக்கு இழுத்தார். அவரும் பார்த்தார். "ஒண்ணுதாம்மா, சத்தியமா."

"சத்தியமெல்லாம் வேணாம். இன்னொரு தடவை நல்லாப் பாருங்க."

அவர் பார்த்தார். ஒன்றேதான்.

வீட்டில் புதுக்குழலை மாட்டியதும் மாப்பிள்ளை ஆரஞ்சாகத் திரும்பி வந்தது. செடி பச்சையாயிற்று. அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்தார். இரண்டு முனையும் கறுத்திருந்த பழைய குழலை மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "கடைசி வரைக்கும் எரிஞ்சுகிட்டுதானே இருந்துச்சு. அதனாலதான் நான் இதைச் சந்தேகப்படல, என்னைச் சந்தேகப்பட்டேன்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஆலையில என் மேசை விளக்கும் இதே மாதிரிதான் தம்பி. மாத்துங்கன்னு ரெண்டு மூணு தடவை கேட்டேன். எரியுதுல்ல, அப்புறம் என்னங்கிறார் அந்த மேற்பார்வையாளர்."

மறுநாள் காலை மாடிப்படியில் செருப்புச் சத்தம். அக்கா தொட்டியிலிருந்து புதுக்குழலைக் கழற்றி, துண்டில் சுற்றி, தோளோடு சாய்த்துக்கொண்டு இறங்கி வந்தார். பின்னாலேயே வீட்டுக்காரர். "சொந்தக் காசுல வாங்கின விளக்கை அங்க கொண்டுபோய் மாட்டுவாங்களா?"

"ரெண்டும் ஒரே அளவுதான். வெயில்ல ஒருதரம், பழைய விளக்குல ஒருதரம், இதுல ஒருதரம், துணியை அந்த ஆளு கையிலயே குடுத்துப் பாக்கச் சொல்லப்போறேன். அதுவரைக்கும் மாப்பிள்ளை ஜன்னல் வெளிச்சத்துல சுத்தட்டும்."

நானும் ஏறிய பேருந்தில் உட்கார இடம் இருந்தும் அக்கா உட்காரவில்லை. குழலை நட்டுக்குத்தலாக நிறுத்தி, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தபடி நின்றுகொண்டே போனார்.

நீங்களும் ஒன்று செய்யுங்கள். இனி யாரையாவது பார்த்து "கண்ணு தெரியலையா?" என்று கேட்க வாய் வந்தால், கேட்பதற்கு முன், அவர் தலைக்கு மேல் எரிவதை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள்.