எண்ணி ஏற்றிய பஸ்

ஆளைப் பார்த்ததும் எடைபோட்டுவிடுவேன் என்று சொல்லியே ஓசூரில் ஒரு கம்பெனியில் பர்சனல் ஆபீசராகச் சம்பளம் வாங்கினேன். கம்பெனி பஸ் கண்ணெதிரே நிற்க, அதில் ஏறாமல் நின்ற ஒருவரைச் சோம்பேறி என்று முடிவு கட்டியதும் அதே திறமையால்தான்.

அவர் பல வருடம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவர். அவரை வேலைக்குக் கொண்டுவந்தது எங்கள் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் அக்கா. கர்நாடக எல்லையில் இருக்கும் தளி அக்காவின் சொந்த ஊர், கன்னடத்தில் யோசித்துத் தமிழில் திட்டுவார். விடுதலையாகி வந்தவர் யார் வேலை கேட்டாலும் என் மேஜை முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, "நீங்க படிச்சவரு சார், மாட்டேன்னு சொல்லமாட்டீங்க" என்பார். படித்த பாவத்துக்கு அதைவிடப் பெரிய தண்டனை எனக்குக் கிடைத்ததில்லை.

சூளகிரியில்தான் நாங்கள் எல்லோரும் ஏறுவோம். மற்றவர்கள் முண்டியடிக்கும்போது அவர் மட்டும் ஓரமாகக் கைகட்டி நிற்பார். டிரைவர் யாருக்காகவும் காத்திருக்கும் ரகமில்லை. சில நாள் அவரை விட்டுவிட்டே பஸ் போய்விட்டது. இன்னொரு முறை வராவிட்டால் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டேன். இந்த வேலையும் போனால் வீட்டுப் பக்கம் வராதே என்று அவருடைய தம்பி ஏற்கெனவே சொல்லியிருந்தாராம்.

மறுநாள் அக்கா பஸ் படியருகே நின்றுகொண்டார். "ஒந்து, எரடு, மூரு..." என்று ஏறுகிறவர்களை விரல் நீட்டி எண்ணினார்.

"என்னக்கா, ஆட்டு மந்தையா?" என்றார் டிரைவர்.

"ஆடுன்னா சொன்ன பேச்சு கேக்குமேப்பா."

ஆபீசர் என்று எனக்குச் சலுகை இல்லை, நானும் எண்ணப்பட்டேன். கடைசியாக அவர் பக்கம் விரல் நீண்டது. எண்ணைக் கேட்டதும் சட்டென்று ஏறி உட்கார்ந்தார். எண்ணி முடிக்காமல் ஒரு அடி நகரக்கூடாத இடத்தில் பாதி வாழ்க்கையைக் கழித்தவர் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவரை மட்டும் எண்ணினால் பஸ்ஸே சிரிக்குமே என்று அக்கா எல்லோரையும் எண்ணினார். மாதக்கணக்கில் எண்ணினார். அவருக்கு வேலை நிலைத்தது. தம்பி வீட்டில் சோறும் நிலைத்தது. என் உத்தரவால் கெடவிருந்த குடும்பத்தை அக்காவின் விரல் காப்பாற்றியது என்ற நன்றி எனக்கு இன்றும் உண்டு.

ஒரு காலை, அக்கா வாயைத் திறப்பதற்குள் அவர் முதல் ஆளாக ஏறிவிட்டார். இன்றைக்குத்தான் அந்த மனுஷனுக்கு உண்மையான விடுதலை என்று அக்காவிடம் நீளமாகப் பேசினேன். முழுக்கக் கேட்டுவிட்டு அக்கா சொன்னார்:

"வெயில் காலம் சார். ஜன்னல் சீட்டு புடிக்க ஓடியிருப்பாரு."