விளக்கெண்ணெய்க் கன்னம்

அது உலகச் சண்டை நடந்த காலம். பொம்மிடிக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் மூன்றாம் வகுப்பு வாத்தியாராக இருந்தேன். எண்ணெய்ச் சாயத்தில் மனித முகம் வரைய வேண்டும் என்ற பைத்தியம் எனக்கு. சேலத்தில் ஸ்டூடியோ வைத்து, போட்டோவைப் பார்த்துப் பெரிய படம் வரைந்து கொடுக்கும் ஒருவரிடம் போய், தொழில் கற்றுத் தரச் சொல்லி நின்றேன். "பெரிய கை வரைஞ்ச படம் ஒண்ணப் பாத்து மயிரிழை மாறாம வரைஞ்சு கொண்டா தம்பி. அப்புறம் பாக்கலாம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் அப்படி ஒரே ஒரு படம்தான் உண்டு. எங்கள் ஊர்ப் பண்ணைக்காரர் உயிரோடு இருந்தபோது மெட்ராஸ் ஓவியர் ஒருவரை வரவழைத்து வரைந்துகொண்டது. அவர் காலமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் மனைவியிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வரையலாம், ஆனால் தை பிறந்ததும் மகன் படத்தைக் கோயமுத்தூருக்கு எடுத்துப்போய்விடுவான் என்றார். கையில் நான்கு மாதம் இருந்தது.

விடுவேனா? கீழுதட்டை மட்டும் ஆறு தடவை துடைத்துவிட்டு வரைந்தேன். மீசை நரையில் துளி நீலம் இருப்பதைக் கண்டுபிடிக்க மூன்று ஞாயிறு ஆனது. கன்னத்துக்கு வரும்போது சாயத்தில் கலக்கும் ஆளிவிதை எண்ணெய் தீர்ந்துபோனது. சண்டையில் அது எங்கேயும் கிடைக்கவில்லை. எண்ணெய் எண்ணெய்தானே என்று வீட்டிலிருந்த விளக்கெண்ணெயைக் கலந்தேன். மற்ற இடமெல்லாம் காய்ந்தது, கன்னம் மட்டும் ஈரமாகவே இருந்தது. மார்கழிப் பனி என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி ஞாயிறு படம் முடிந்தது. அசலுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். எது யாருடையது என்று எனக்கே தடுமாறியது. ஸ்டூடியோ வாசலில் கால் வைத்துவிட்ட மாதிரி ஒரு மிதப்பு. அந்த அம்மா வந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அச்சு அசல் அப்படியே இருக்குதுங்க வாத்தியாரே. ஆனா ரெண்டுமே எங்கூட்டுக்காரரு இல்லீங்க."

எனக்குச் சுருக்கென்றது.

"அவருக்கு அம்மை போட்ட மூஞ்சிங்க. தழும்பு ஒண்ணுகூடத் தெரியக் கூடாதுன்னு மெட்ராஸ்காரருகிட்டச் சொல்லிப்புட்டாரு. இந்தா, இங்க ஒண்ணு இருந்துச்சு."

காட்டுவதற்காக நீட்டிய விரல் ஈரக் கன்னத்தில் பட்டுக் குழி விழுந்தது.

"ஐயோ, அம்மா!" என்று கத்திவிட்டேன். நான்கு மாத உழைப்பு! ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. துணியை எடுத்தேன், லேசாக நீவினால் சரியாகிவிடும். அவர் காதில் எதுவும் விழவில்லை. "இங்க ஒண்ணு... காதோரமா ரெண்டு..." என்று கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தேடித் தேடி வைத்தார். கண்ணைத் திறந்து பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வந்துட்டாருங்க" என்றார்.

துணியைக் கீழே வைத்துவிட்டேன். மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு குழிக்குள்ளும் கொஞ்சம் நிழலும் விளிம்பில் கொஞ்சம் வெளிச்சமும் வைத்தேன். பார்த்து வரைய அசலில் எதுவும் இல்லை. அவர் சொல்லச் சொல்ல வரைந்தேன். தை பிறந்ததும் அசல் கோயமுத்தூர் போனது. அந்த ஆணியில் என் படம் மாட்டப்பட்டது.

வெறுங்கையோடு சேலம் போய் நடந்ததைச் சொன்னேன். "விளக்கெண்ணெயக் கலந்தியா? அது காயுமா? நீயே ஒரு விளக்கெண்ணெய்தான்! பெரிய கை படத்தோட காப்பி இல்லாம இந்தப் பக்கம் வராத" என்று அனுப்பிவிட்டார். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் ரயில் பொம்மிடி வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு முகம் பார்க்கும் கண்ணாடியை எதிரே வைத்துத் தூரிகையோடு உட்கார்ந்தேன். எனக்கும் ஆறு வயதில் அம்மை போட்டிருந்தது. மூக்கின் மேல் இருக்கும் தழும்பை முதலில் குறித்துக்கொண்டேன்.